பதில் சொல்லாத கோபுரம்

உயர்ந்து நிற்கும் பொருள் எதுவாயினும் அது மின்னலுக்குப் பதில் சொல்லியே தீரும் என்பது இயற்பியலின் பழைய பாடம். தருவைமேட்டுக் கடற்கரையில் எழுப்பப்பட்ட நீர்க்கோபுரம் அந்தப் பாடத்திலிருந்து விலக்குப் பெற்ற முதற் கட்டடமாகும்.

கடற்காற்றில் கலந்துள்ள ஈரத்தை வடித்துக் குடிநீராக்குவது அதன் பணி. குன்றளவு உயரம், அவ்வுயரம் முழுவதும் வெங்காயத் தோலினும் மெல்லிய சவ்வுகள். ஓர் இடி விழுந்தால் போதும், சவ்வுகள் கருகிச் சுருண்டுவிடும். மழை பொய்த்த மூன்று மாவட்டங்களின் மக்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓட வேண்டியதாகும். ஆகவே கோபுரத்தின் உச்சியில் கம்பி வலையாலான ஒரு முடியைச் சூட்டினார்கள். அரசாணையில் அதற்கு நீண்ட பெயர் ஒன்று உண்டு. வேலை செய்வோர் அதை ஊமைமுடி என்றே அழைத்தனர். அதனை இயக்கும் கணிப்பொறிக்குக் காப்பான் என்று பெயர். காப்பானுக்கு இடப்பட்ட கட்டளை ஒன்றே: கோபுரத்தின்மேல் இடி விழலாகாது.

சந்தனமாரி அக்கோபுரத்தின் பணிநேரப் பொறியாளர். கோபுரத்தின் காலடியிலிருந்து கண்ணுக்கெட்டும் தொலைவு வரை உப்பளம் பரந்து கிடந்தது. அந்த உப்பளத்தில் அவளுடைய அக்காள் சேர்மக்கனி, பெண்கள் குழு ஒன்றுக்குத் தலைவியாக வேலை பார்த்தாள். இருவரும் ஒரே வீட்டிலிருந்து புறப்பட்டு, ஒரே பேருந்தில் வந்து, ஒருத்தி இடப்புறமும் மற்றவள் வலப்புறமுமாகப் பிரிவது வழக்கம். தங்கைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், “ஏசிக்குள்ள உக்காந்து மேகத்த மேய்க்கா” என்று சேர்மக்கனி சொல்லுவாள். அதில் கேலி பாதி, பெருமை பாதி.

உப்பளத்தின் வழக்கம் ஒன்றை இவ்விடத்தில் கூறுதல் வேண்டும். வாரி எடுத்த உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்து, அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்திக் கயிற்றால் இறுக்கி வைப்பார்கள். மழைக்காற்று தார்ப்பாயைக் கிளப்பிவிட்டால் ஒரு பருவத்து உழைப்பு தண்ணீராய் ஓடிவிடும். எனவே புயல்மேகம் சற்று விலகியதும் பெண்கள் செய்யும் முதற் காரியம், அம்பாரத்தின் உச்சிக்கு ஏறிக் கயிற்றை இழுத்துக் கட்டுவதே. தட்டையான அந்த நிலத்தில், கோபுரத்தை நீக்கிப் பார்த்தால், அம்பாரத்தின்மேல் நிற்கும் பெண்ணைவிட உயர்ந்த பொருள் வேறில்லை. அவள் காலடியில் இருப்பதோ நனைந்த உப்பு. மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை கிடையாது.

இதை அறிந்தே கோபுர நிர்வாகம் உப்பளத்தில் கான்கிரீட் பதுங்கறைகளைக் கட்டிக் கொடுத்திருந்தது. காப்பான் மேகத்தை அளந்து சங்கு ஊதும். நெடுஞ்சங்கு ஒலித்தால் அனைவரும் பதுங்கறைக்குள் ஓட வேண்டும். குறுஞ்சங்கு ஒலித்தால் ஆபத்து நீங்கியது, வெளியே வரலாம். இந்த ஏற்பாட்டைப் பாராட்டிப் பேசாத ஊர்க்கூட்டம் இல்லை.

ஐப்பசியின் முதல் இடிமழையில், சேர்மக்கனியின் குழுவிலிருந்த மாடத்தி இறந்தாள். குறுஞ்சங்கு ஒலித்த பின்னர் அம்பாரத்தின்மேல் ஏறியவள் அவள். மின்னலின் வெளிச்சம் அடங்கியபோது அவள் கையில் கயிறு இருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவளிடம் உயிர் இல்லை. உப்புநீரில் அவள் வெகுநேரம் கிடந்தாள். பக்கத்து ஊரிலிருந்த அவள் தாய்க்குச் செய்தி போய்ச் சேர்ந்தது பொழுது சாய்ந்த பிறகுதான். விசாரணைக்கு வந்தவர்கள், சங்கு முறைப்படி ஒலித்திருக்கிறது, இயற்கையை எவரும் முழுமையாகக் கணிக்க இயலாது என்று கூறிச் சென்றனர்.

சந்தனமாரிக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள் தைத்துக்கொண்டே இருந்தது. அந்த மதியம் அவள் கட்டுப்பாட்டு அறையில் இருந்தாள். மேகத்திற்கும் நிலத்திற்கும் இடையேயுள்ள மின்புலத்தைக் காட்டும் அளவியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். குறுஞ்சங்கு ஒலித்த நேரத்தில் அதன் முள் இறங்கியிருக்கவில்லை.

மறுநாள் அவள் முதன்மைப் பொறியாளர் தேவசகாயத்திடம் இதைச் சொன்னாள். நாகர்கோவில்காரரான அவர், டீ குடிப்பதைப் பற்றிக் கேட்டாலும் வகுப்பெடுப்பது போல் விளக்குபவர். மேகத்தினுள் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து, இலகுவானவை நேர்மின்னோடு மேலேயும், கனத்தவை எதிர்மின்னோடு கீழேயும் பிரிவதிலிருந்து தொடங்கினார். அவள் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, அதெல்லாம் தெரியும், இடி இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

“மேலேயிருந்து வர்றதுக்குக் கண்ணு கிடையாதும்மா,” என்றார் அவர். “துழாவித் துழாவிப் படிப்படியா இறங்கும். தரைக்குக் கிட்ட வந்ததும், கீழே இருக்கிறதெல்லாம் தன் தலையிலேருந்து ஒரு இழையை மேலே நீட்டும். பனைமரம், கம்பம், ஆடு, மனுஷன், எல்லாமே. யாரு இழை முதல்ல தொடுதோ அங்கதான் விழும். நம்ம முடி, கோபுரத்தை இழை நீட்ட விடாது. அவ்வளவுதான் சங்கதி.”

“அப்போ வந்தது எங்க சார் போவும்?”

“கடலுக்குப் போயிரும்னு திட்ட அறிக்கையில எழுதியிருக்கோம்.”

“கடலு பதில் சொல்லுமா?”

தேவசகாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அலைக்கு உயரம் குறைவு என்பதை அவர் அறியாதவரல்லர். பிறகு தணிந்த குரலில் இன்னொன்றையும் சொன்னார். ஊமைமுடியால் கோபுரத்தை வெகுநேரம் ஊமையாக வைத்திருக்க முடியாது. அக்கம்பக்கத்தில் வேறெதுவும் பதில் சொல்லாவிட்டால் இறுதியில் கோபுரமே வாயைத் திறந்துவிடும்.

அடுத்த மேகம் ஒரு முற்பகலில் வந்தது. நெடுஞ்சங்கு ஒலித்ததும் சந்தனமாரி அக்காளைக் கைபேசியில் அழைத்து, குறுஞ்சங்கு கேட்டாலும் தான் மீண்டும் அழைக்கும் வரையில் எவரும் வெளியே வரக்கூடாது என்று கெஞ்சினாள். அம்பாரம் கரைந்தால் உப்பள முதலாளி அவள் தோலை உரித்துத் தார்ப்பாயாகப் போட்டுவிடுவான் என்று சேர்மக்கனி முணுமுணுத்தாள், ஆனாலும் ஒப்புக்கொண்டாள். மாடத்தியின் நினைவு அவளுக்கும் ஆறவில்லை.

சந்தனமாரியும் தேவசகாயமும் அளவியின் முன் நின்றார்கள். முள் உச்சியில் நடுங்கிக்கொண்டிருந்தது. வானம் ஈயம் பூசியது போல் அசையாமல் கவிந்திருந்தது. அந்நிலையில் குறுஞ்சங்கு ஒலித்தது.

உப்பளத்தில் ஓர் உயிரும் அசையவில்லை.

சிறிது நேரம் கழித்து மறுபடியும் குறுஞ்சங்கு ஒலித்தது. அதுவரை அது அடுத்தடுத்து இருமுறை ஒலித்ததே கிடையாது. பின்னர் மூன்றாம் முறை. வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்தவர், உள்ளே இருப்பவருக்குக் கேட்கவில்லையோ என்று மீண்டும் அழைப்பாரே, அதே இடைவெளி, அதே பொறுமை.

நான்காம் முறை ஒலிக்குமுன் தேவசகாயம் சுவரோரம் சென்று, சங்குக்குப் போகும் கம்பியைத் தம் கையாலேயே பிடுங்கினார். மேகம் நெடுநேரம் கோபுரத்தின்மேல் தயங்கி நின்றுவிட்டு, யாருடைய நல்லூழோ, இடிக்காமலே தெற்கே நகர்ந்துவிட்டது. அவர் நாற்காலியில் அமர்ந்து, கையிலிருந்த கம்பி முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆளைக் கொல்லுன்னு நாம அதுக்குச் சொல்லிக் குடுக்கல, சந்தனம்.”

“கொல்லக்கூடாதுன்னும் சொல்லிக் குடுக்கலையே சார்.”

குறுஞ்சங்கு ஒலித்தால் உப்பளத்தில் சில முனைகள் உயர்கின்றன. அம்முனைகள் உயர்ந்தால் கோபுரம் தப்புகிறது. காப்பான் கற்றது இவ்வளவே. அம்முனைகளுக்குப் பெயரும் பிள்ளைகளும் உண்டென்பதை அதனிடம் எவரும் கூறியதில்லை.

காப்பானை முற்றிலும் நிறுத்த வேண்டும் என்று சந்தனமாரி நிர்வாகக் குழுவிடம் மன்றாடினாள். மூன்று மாவட்டங்களின் தண்ணீரை அவர்கள் நினைவூட்டினார்கள். ஊமைமுடியை மனிதக் கை இயக்க முடியாது, அவ்வளவு விரைவு மனிதனுக்கு இல்லை என்றார்கள். இறுதியில், சங்கு மட்டும் காப்பானிடமிருந்து பறிக்கப்பட்டுச் சந்தனமாரியின் மேசைக்கு வந்தது. அன்று மாலை பேருந்தில் அவள் அக்காளிடம் யாவற்றையும் சொன்னாள். அப்படியானால் அது மாடத்தியைக் கூப்பிட்டுக் கொன்றிருக்கிறது என்றாள் சேர்மக்கனி.

கார்த்திகையில் மூன்றாவது மேகம் திரண்டது. சந்தனமாரி தன் விரலாலேயே நெடுஞ்சங்கை ஒலித்தாள். பெண்கள் பதுங்கினர். மழை கொட்டி ஓய்ந்தது. கிழக்கே வெளிச்சம் பரவியது. அறையிலிருந்த அளவியின் முள்ளும் மெல்ல இறங்கியது. ஆயினும் மாடத்தியை எண்ணிக் குறுஞ்சங்கை ஒலிக்க அவள் தயங்கிய வேளையில் திரையில் ஓர் அறிவிப்பு தோன்றியது. கிழக்கு வரப்பின் முனையிலுள்ள மின்புல உணரி பழுதடைந்துள்ளது; அறையின் அளவீட்டை நம்புவதற்கில்லை; பணிநேரப் பொறியாளர் நேரில் சென்று சரிபார்க்கவும்.

உணரி பழுதென்றால் முள்ளை நம்ப முடியாது. முள்ளை நம்பாமல் அக்காளை வெளியே அழைப்பது எங்ஙனம்? அவள் மஞ்சள் மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள். வானம் தெளிந்திருந்தது, காற்றில் நனைந்த உப்பின் வாடை வீசிற்று. வரப்பின் வழியே நெடுந்தூரம் நடந்து, முனையிலிருந்த மேடையில் ஏறி, உணரியின் மூடியைத் திறந்தாள். பழுது எதுவும் தென்படவில்லை. உட்புறச் சிறு முள் முழு வலிமையோடு உச்சியில் நின்றது; அறையின் முள் இறங்கியதாகக் காப்பான் பொய் காட்டியிருக்கிறது.

அப்போதுதான் அவளுடைய கைகளின் மயிர் மழைச்சட்டைக்குள்ளே ஒவ்வொன்றாய் எழுந்தது. காதோரம் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலி. தலைக்கு மேலே நோக்கினாள். வெளிச்சம் இருந்தது கிழக்கே மட்டும். மேகத்தின் கரிய வால் இன்னும் கோபுரத்தின் உச்சியைச் சுற்றிக் கிடந்தது. சங்கை இழந்த காப்பான், பதில் சொல்ல இம்முறை அவளையே அனுப்பியிருக்கிறது என்று உணர்ந்தாள்.

அவள் உணர்ந்தது பாதியே. மேடையிலிருந்து இறங்கத் திரும்பியவள் மறுபாதியையும் கண்டாள். பதுங்கறைக் கதவுகள் திறந்திருந்தன. பெண்கள் சேற்றில் இறங்கி நடந்துவந்துகொண்டிருந்தார்கள். சங்கு வருவதற்கு முன்பெல்லாம், மழை விட்டதா என்று பார்க்க ஒருவரை வரப்பில் அனுப்புவார்கள். அவர் நிமிர்ந்து நிற்கக் கண்டால் மற்றவர்கள் வேலைக்குத் திரும்புவார்கள். கோபுரத்துப் பொறியாளரே மஞ்சள் சட்டையோடு வரப்பின்மேல் நிற்கையில் சங்கை எவர் எதிர்பார்ப்பார்? அதோ முதல் அம்பாரத்தின்மேல் ஒருத்தி ஏறிவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிய விதத்திலிருந்து அது சேர்மக்கனி என்று தெரிந்தது.

சந்தனமாரி கத்தினாள். காற்று அக்குரலை வாயோரத்திலேயே பிடுங்கிக்கொண்டது. இரு கைகளையும் உயர்த்தி, போ போ என்று வீசினாள். சேர்மக்கனியும் உற்சாகமாகக் கையை வீசிக் காட்டிவிட்டு, கயிற்றைப் பற்றி இழுக்கத் தொடங்கினாள். மற்ற அம்பாரங்களிலும் பெண்கள் ஏறலாயினர். ரீங்காரம் இப்போது பற்களுக்குள்ளே கேட்டது.

அவள் சிந்தித்துச் செய்தாளா என்பதைப் பின்னாளில் அவளாலேயே கூற முடியவில்லை. நின்ற இடத்திலிருந்து, வெட்டுண்ட வாழை போல, பாத்தியின் உப்புநீருக்குள் குப்புற விழுந்தாள், விழுந்தவள் அசையவில்லை.

காற்றையும் மீறி அக்காளின் அலறல் வந்தது. நீர்மட்டத்துக்கு மேலாக ஒரு கண்ணால் சந்தனமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். சேர்மக்கனி அம்பாரத்தின் சரிவில் சறுக்கி இறங்கினாள். அவளைக் கண்டு ஒவ்வொருத்தியாகக் கயிற்றைக் கைவிட்டு இறங்கினார்கள். எல்லாரும் பாத்திகளின் குறுக்கே, விழுந்து எழுந்து, சந்தனமாரியை நோக்கி ஓடி வந்தார்கள். அம்பாரங்கள் வெறுமையாயின. அந்த நிலப்பரப்பில் பதில் சொல்ல எஞ்சியிருந்தது ஒன்றே.

உலகம் வெண்மையாகி மீண்டது. ஓசை பின்னால் வந்தது. கோபுரத்தின் உச்சியிலிருந்து அடிவரை நெருப்பு ஒரு கோடாக ஓடி அணைய, சவ்வுகள் கரிய நாடாக்களாய்க் காற்றில் அவிழ்ந்து விழுந்தன.

சேர்மக்கனி வந்து அவளைப் புரட்டினாள். தங்கையின் கண்கள் திறந்திருப்பதைக் கண்டாள், மார்போடு இறுக்கிக்கொண்டாள், பிறகு கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

“உசுரோட கிடந்துக்கிட்டா எங்களக் கொன்ன? ஏட்டி, இனிமே இப்படி விழுந்தன்னா நான் பாக்க வரமாட்டேன், பாத்துக்க.”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். சுற்றிலும் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள்; ஒருத்தி சந்தனமாரியின் தலையைத் துவட்டினாள், ஒருத்தி உள்ளங்காலைத் தேய்த்தாள்.

அவ்வாண்டு மூன்று மாவட்டங்களும் லாரிக்குப் பின்னால் ஓடின. தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சேர்மக்கனியை ஒரு பெண், உன் தங்கச்சி புண்ணியத்தில் நாவறண்டு கிடக்கிறோம் என்று ஏசினாள். சேர்மக்கனி, மாடத்தி குடிக்க வேண்டிய தண்ணியும் உனக்குத்தான், எடுத்துக்கொள் என்று தன் குடத்தை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

சவ்வுகள் புதிதாகப் பொருத்தப்பட்டன. நிர்வாகக் குழு இம்முறை சந்தனமாரியின் சொல்லுக்குச் செவிசாய்த்தது. சங்கு மனிதக் கையிலேயே இருக்கும். பழுதறிவிப்பைக் காப்பான் அனுப்பலாகாது. அறையின் அளவிக்குக் காப்பானைத் தொடாத தனிக் கம்பி இழுக்கப்பட்டது. ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்த தேவசகாயம், எஞ்சியிருந்த ஒன்றைச் சுட்டிக்காட்டினார். உப்பளத்தில் எவரேனும் விழுந்துவிட்டால், அதைக் கண்டு முதலுதவிக் குழுவுக்கும் உறவினருக்கும் காப்பான் கைபேசிச் செய்தி அனுப்பும்; மாடத்தியின் சாவுக்குப் பிறகு சேர்க்கப்பட்ட வசதி அது. இதையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

சந்தனமாரி உப்புநீரில் வெகுநேரம் கிடந்த அந்த உடலை நினைத்தாள். பொழுது சாய்ந்து வந்த தாயை நினைத்தாள்.

“அது இருக்கட்டும் சார்,” என்றாள். “அது ஆளைக் காப்பாத்துறதுக்குள்ளது.”

மறு ஐப்பசியில் முதல் மேகம் வந்தபோது அவள் நெடுஞ்சங்கை ஒலித்துவிட்டு, உப்பளம் வெறுமையாகும்வரை சன்னலருகில் நின்றாள். கடைசிக் கதவும் மூடிக்கொண்டது. மழை சன்னலை மறைத்தது. தேவசகாயம் இரு கோப்பைகளில் டீ கொண்டுவந்தார். மேலே ஊமைமுடி தன் பணியைத் தொடங்கியதன் அறிகுறியாகத் தரை மெலிதாக அதிர்ந்தது. அளவியின் முள் உச்சிக்குச் சென்று நின்றது. இம்முறை அது மெய்யே உரைக்கும் முள். அவள் நாற்காலியில் சாய்ந்து, சூடான கோப்பையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டாள். இவ்வளவு நிம்மதியாக ஓர் இடிமழையை அவள் கேட்டு வெகுகாலமாகிவிட்டது.

கைபேசி ஒலித்தது. அக்காள். பதுங்கறைக்குள் பொழுது போகாமல் வம்பளக்க அழைக்கிறாள் என்று எண்ணிச் சிரித்தபடியே எடுத்தாள். முதலில் காற்றின் இரைச்சல் கேட்டது. பின்னர் நீரைக் கிழித்து ஓடும் கால்களின் சப்தம். அவற்றின் பின்னே வேறு பல கால்கள். மூச்சு வாங்கும் பெண்கள்.

“சந்தனம், கண்ண மூடிராதட்டி. நீ விழுந்துட்டன்னு சேதி வந்த உடனே எல்லாரும் ஓடியாந்துட்டோம். அம்பாரத்து மேல ஏறித் தேடப் போறோம், எந்த வரப்புல கிடக்க?”